உசாத்துணைப் பகுதியைக் கழிக்கத் தொடங்குமுன்: நூலகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்திலோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்திலோ சேர்ந்து சில மாதங்கள் போயிருக்கும். ஒரு நாள் நூலகர் கூப்பிட்டு, "ரெஃபரன்ஸ் பக்கம் புதுசு வைக்க இடமே இல்லை, பழையதுகளைக் கொஞ்சம் பார்த்துக் கழிச்சு விடுங்க" என்பார். கேட்கும்போது ஒரு வாரத்து வேலை போலத்தான் இருக்கும். ஒழுங்காகச் செய்தால் ஒரு கல்வியாண்டே ஓடிவிடும். அதிலும் புத்தகத்தைத் தெரிவு செய்வது சிறு பங்குதான். மீதியெல்லாம் எழுத்து வேலை, ஆட்களோடு பேசும் வேலை.

இரவல் பகுதியில் கழிப்பது இலகு. எந்த நூல் எப்போது கடைசியாக வெளியே போனது என்று கணினி சொல்லிவிடும். உசாத்துணை நூல்கள் வெளியே போவதே இல்லை, அதனால் அவை பயன்பட்டனவா என்பதற்குச் சாட்சி இல்லை. கனமான மட்டை, பொன்னெழுத்து, வாங்கிய காலத்தில் பெரிய விலை. கைவைக்க எல்லோருக்கும் தயக்கம். இதனால் முப்பது வருடத்துச் சரக்கு அப்படியே நிற்கும். கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமானது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995, 96இல் வந்தது. இரண்டிலும் தொடக்க காலத்தில் வாங்கியவையும் அன்பளிப்பாக வந்தவையும் இன்று கழிக்கும் வயதை எட்டிவிட்டன.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நூலகத்திலிருந்து புத்தகம் மூட்டையாக வெளியே போகிறது என்றால் பார்க்கிறவர் மனம் பொறுக்காது. "புத்தகத்தை எறியிற நிலைமைக்கு வந்திட்டீங்களா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதில் நியாயம் உண்டு. சிரித்து மழுப்பாமல் எழுதிவைத்த முறையை எடுத்துக் காட்டிப் பதில் சொல்ல உங்களால் முடியவேண்டும்.

முதலில் கடதாசி வேலை

இறாக்கையைத் தொடுமுன் உங்கள் நூலகத்தின் சேகரிப்புக் கொள்கையில் கழித்தல் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் எழுதி நூலகரிடம் கொடுங்கள். எந்தக் காரணங்களுக்காக ஒரு நூலை விலக்கலாம், யார் சிபாரிசு செய்வது, யார் முடிவெடுப்பது, விலக்கியது எங்கே போகும் என்ற நான்கு விடயமும் அதில் இருந்தால் போதும். நூலகக் குழுவும் அதன் வழியாகப் பல்கலைக்கழக மூதவையும் (செனற்) அதை ஏற்றுக்கொண்ட பிறகே வேலை தொடங்கவேண்டும்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று தோன்றலாம். நூலகத்தில் உள்ள ஒவ்வொரு நூலும் பதிவேட்டில் இலக்கமிட்ட அரச சொத்து. கிழிந்து கறையான் தின்றதாக இருந்தாலும், நிதிப்பிரமாணங்களில் சொன்ன வழியால் கழித்தால் ஒழிய அது இருந்தே ஆகவேண்டும். கணக்காய்வாளர் வந்து கேட்கும்போது "அது பழசு சேர், வீசிட்டம்" என்ற பதில் செல்லாது. அது காணாமற்போன நூல் என்றாகி, உங்கள் பெயரில் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஆகவே வருடாந்தப் பொருட் கணக்கெடுப்பு எப்போது வருகிறது என்று நிதிப் பிரிவில் கேட்டு, அதற்கு இரண்டு மாதத்துக்கு முன் உங்கள் பட்டியல் தயாராகும்படி நாளைக் கணக்குப் போடுங்கள்.

எந்த மாதத்தில் தொடங்குவது என்பதும் முக்கியம். எங்கள் பக்கம் வாடைக் காலத்தில், கார்த்திகையிலிருந்து தை வரை, இந்த வேலையை எடுக்கவே வேண்டாம். காற்றில் ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். அந்த நேரத்தில் நூல்களைப் பெட்டியில் அடைத்து மூலையில் வைத்தால், கழிக்க நினைக்காததும் கெட்டுப்போகும். கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில், அதிலும் பரீட்சை இல்லாத நாட்களாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். காய்ந்த பூஞ்சணம் தூளாகப் பறக்கும், மூச்சு முட்டுகிறவர்களை இந்த வேலையில் போடக்கூடாது. பூஞ்சணம் பிடித்த நூல் கண்ணில் பட்டால் மற்றவற்றோடு சேர்க்காமல் உடனே பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

பயன்பாட்டை எண்ணுதல்

ஒரு அரையாண்டு முழுவதும், படிப்பு விடுமுறையும் பரீட்சையும் உள்ளே வரும்படி, உசாத்துணைப் பகுதியில் ஒரு அறிவித்தல் தொங்கவிடுங்கள்: "எடுத்த புத்தகத்தை மேசையிலேயே விடுங்கள், நாங்கள் அடுக்குகிறோம்." எங்கள் பிள்ளைகள் மரியாதைக்காகத் திருப்பி இறாக்கையிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். அதனால் வாயாலும் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். மாலையில் மேசையில் கிடப்பதை அடுக்கும்போது பின்மட்டையின் உட்புறம் பென்சிலால் ஒரு கோடு போட்டால் சரி. கோஹா என்ற நூலக மென்பொருளைப் பாவிக்கும் நூலகமென்றால், இரவல் போகாத நூலைத் திருப்பி வாங்குவதுபோல ஸ்கேன் செய்ததும் அது உள்ளகப் பயன்பாடாகப் பதியும்படி ஒரு அமைப்பு இருக்கிறது. அதை இயக்கி வைக்கச் சொல்லுங்கள்.

கோடு விழாத நூல் எல்லாம் கழிக்கவேண்டிய நூல் என்று அர்த்தமில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரேயொரு ஆய்வு மாணவர் தேடி வருகிற நூலும் இருக்கும், வேறெங்கும் கிடைக்காததால் அவர் அதற்காகவே பஸ் ஏறி வந்திருப்பார். கோடு உங்களுக்கு ஒரு சாட்சியைத் தரும், தீர்ப்பை அல்ல.

இந்தச் சமயத்திலேயே இறாக்கைப் பட்டியலை அச்சிட்டு, நூலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிடுங்கள். பட்டியலில் இருந்து இறாக்கையில் இல்லாதது, இறாக்கையில் இருந்து பட்டியலில் இல்லாதது இரண்டுமே வெளிவரும். இது சலிப்பான வேலை, ஆனால் தப்பமுடியாது.

வெளிநாட்டு விதிகள் எங்கே பொருந்தும்

நூலகவியல் படித்தவர்கள் க்ரூ (CREW) என்ற கழித்தல் முறையைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 1976இல் கைநூலாக வந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சூத்திரம் கொடுக்கிறது: பதிப்பித்து எத்தனை வருடம், கடைசியாகப் பயன்பட்டு எத்தனை வருடம், அதற்குப் பிறகு பிழையான தகவல், சிதைவு, புதிய பதிப்பு வந்திருத்தல், இந்த நூலகத்துக்குப் பொருந்தாமை, வேறிடத்தில் இலகுவாகக் கிடைத்தல் போன்ற குறைகள். நல்ல முறைதான். ஆனால் அது முதலில் சிறிய, நடுத்தரப் பொதுநூலகங்களுக்காகச் செய்தது. பல்கலைக்கழகத்துக்கு அப்படியே எடுத்துவைக்க முடியாது, மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உள்ள ஒன்றுக்கு இன்னும் முடியாது.

நான் புதியவர்களிடம் சொல்லுவது இதுதான். முதலில் இறாக்கையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். உலகத்தைப் பற்றிய நூல்கள் ஒரு பக்கம், எங்களைப் பற்றிய நூல்கள் மறுபக்கம். முதலாவது கூட்டத்துக்கு வெளிநாட்டு விதி அப்படியே பொருந்தும்: பழசானால், பிழையானால், புதுசு வந்தால் விலக்கலாம். இரண்டாவது கூட்டத்துக்கு அந்த விதி தலைகீழ். பழசாகப் பழசாக அதன் பெறுமதி ஏறும்.

உலக வகையில் தொடங்குங்கள், மனக்கஷ்டம் குறைவு. பிரித்தானியக் கலைக்களஞ்சியம் 2012இல் அச்சு நூலை நிறுத்துவதாக அறிவித்தது. 2010ஆம் ஆண்டின் 32 தொகுதிப் பதிப்புத்தான் கடைசி. உங்களிடம் 1980களின் பதிப்பும் 90களின் பதிப்பும் இருந்தால், பிந்தியது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடலாம். ஒரு எச்சரிக்கை: தொகுதி தொகுதியாகக் கழிக்காதீர்கள். அதன் 15ஆம் பதிப்பில் சுருக்கக் கட்டுரைகள் ஒரு வரிசையிலும் விரிவானவை இன்னொரு வரிசையிலும் சுட்டி தனியாகவும் இருக்கின்றன. நடுவில் நாலைந்து போனால் மீதியும் பயன்படாது. வைத்தால் முழுத்தொகுதி, விட்டால் முழுத்தொகுதி.

இரசாயனச் சுருக்கத் தொகுதிகள் (Chemical Abstracts) போன்ற அச்சுச் சுட்டிகள் உங்களிடம் இருந்தால் அவைதான் அதிக இடத்தைப் பிடித்திருக்கும். 1907இல் தொடங்கிய அந்தத் தொடரின் அச்சுப் பதிப்பு 2009 முடிவோடு நின்றது. போர்க்காலத்தில் எங்கள் நூலகங்களுக்கு வெளிநாட்டுத் தொடர்கள் ஒழுங்காக வராததால் இடையிடையே ஓட்டை வேறு. ஓட்டையுள்ள சுட்டியால் யாருக்கும் பயனில்லை. துறைத் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் துணிந்து கழிக்கலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழக விலாசக் கொத்து, பழைய தொலைபேசிக் கொத்து, கணினி மென்பொருள் கைநூல் இவையும் அப்படித்தான்.

மருத்துவ உசாத்துணையில் இரக்கம் காட்டாதீர்கள். பி.என்.எஃப். என்று மாணவர் சொல்கிற பிரித்தானிய மருந்துக் கையேட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வந்திருக்கிறது. அவ்வளவு வேகமாக மாறுகிற தகவல் அது. பத்து வருடத்துக்கு முந்திய பிரதியில் உள்ள மருந்தளவைப் பார்த்து ஒரு தாதிய மாணவி குறிப்பெடுத்தால் அது நூலகத்தின் குற்றம். வாங்கப் பணமில்லாவிட்டால் இறாக்கை வெறுமையாக இருக்கட்டும். வெறும் இறாக்கையால் யாருக்கும் நோய் வராது.

உலகப்படம் பார்ப்பது சுலபம். சோவியத் ஒன்றியம் இருக்கிறதா, தென் சூடான் இல்லையா என்று பார்த்தாலே வயது தெரிந்துவிடும்: முதலாவது 1991க்கு முந்தியது, இரண்டாவது 2011க்கு முந்தியது. அதற்காக எல்லாப் பழைய படத்தொகுப்பையும் விடவேண்டாம். வரலாற்றுத் துறைக்கு ஒன்று போதும், அதுவும் உசாத்துணையில் அல்ல, இரவல் பகுதியில்.

தொடக்கூடாதவை

இனி எங்களைப் பற்றிய பக்கம். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய எந்தக் கணக்கிலும் கல்முனையும் அக்கரைப்பற்றும் சம்மாந்துறையும் மட்டக்களப்புக்குள்தான் இருக்கும். ஆகவே ஒலுவிலில் இருக்கிற ஒருவர் "இது மட்டக்களப்புக்காரருடையது, எங்களுக்கு வேண்டாம்" என்று 1953ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்புத் தொகுதியைக் கழித்தால் தன் மாவட்டத்தின் கணக்கையே கழித்ததாகும்.

1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புத் தொகுதிகள் இன்னும் ஒரு படி மேல். அதற்குப் பிறகு 2001இல் எடுத்தபோது மட்டக்களப்பு உட்பட வடக்கு கிழக்கின் பல மாவட்டங்களில் முழுமையாக எடுக்க முடியவில்லை. அம்பாறையில் எடுத்தார்கள். நாடு முழுவதும் முழுமையாக நடந்தது 2012இல்தான். இடையில் 31 வருடம். போருக்கு முன் எந்தக் கிராமத்தில் எத்தனை குடும்பம் இருந்தது, என்ன தொழில் செய்தது என்று கேட்டு வருகிற ஆய்வாளருக்கு உங்களிடம் இருக்கிற அந்த மஞ்சளித்த தொகுதிதான் கதி. வெளிநாட்டு விதிப்படி பார்த்தால் புள்ளிவிபர நூலுக்கு இவ்வளவு வயது அநியாயம். அந்த விதி இங்கே வேண்டாம்.

மாவட்டப் புள்ளிவிபரக் கைநூல்கள், கச்சேரி (மாவட்டச் செயலகம்) வெளியிட்டவை, நீர்ப்பாசன அறிக்கைகள், கல்லோயாத் திட்டம் பற்றிய எதுவும், நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல வரைபடத் தாள்கள், 1978 சூறாவளிக்குப் பிறகும் 2004 சுனாமிக்குப் பிறகும் வந்த சேத மதிப்பீடுகள் எல்லாம் இந்த வகை. வரைபடத் தாள்களைக் குறிப்பாகச் சொல்லுகிறேன். சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் இடம் மாறிய ஊர்கள் முன்பு எங்கே இருந்தன என்பது பழைய தாளில்தான் இருக்கிறது. தேசிய நிலப்படத் தொகுப்பில் 1988ஆம் ஆண்டின் முதற்பதிப்பும் 2007ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பும் இருந்தால் இரண்டையும் வைத்திருங்கள். இரண்டாவது வந்ததால் முதலாவது காலாவதி என்று நினைக்கக்கூடாது.

தமிழ் உசாத்துணை நூல்களுக்கும் இதே கணக்கு. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தில் அறிவியல் பழசுதான். ஆனால் தமிழில் அந்த அளவில் ஒன்று அதற்கு முன் வந்ததில்லை. 1950களிலும் 60களிலும் எங்கள் அரசகரும மொழித் திணைக்களம் பாடவாரியாக வெளியிட்ட கலைச்சொற் தொகுதிகள் மெலிந்த சிறு நூல்கள். பார்க்கத் துண்டுப்பிரசுரம் போலிருக்கும், கழிக்கும் கைக்கு முதலில் அகப்படுவதும் அவைதான். இலங்கைப் பாடநூல் தமிழ் எப்படி உருவானது என்று ஆராய்கிறவருக்கு அவை இல்லாமல் வேலை இல்லை. எடுத்துத் தனிப்பெட்டியில் போட்டு இலங்கைச் சேகரிப்புக்கு அனுப்புங்கள்.

சட்டநூல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1956, 1980 ஆண்டுகளின் சட்டத் தொகுப்புகள் இன்று நடைமுறையில் உள்ள சட்டத்தை முழுதாகக் காட்டாது, ஆனால் பழைய காணி வழக்கைப் படிக்கிறவருக்கு அன்றைய சட்டம் வேண்டும். வைத்திருங்கள். முதுகில் பெரிய எழுத்தில் "பழைய பதிப்பு. நடைமுறைச் சட்டத்துக்குப் புதியதைப் பார்க்கவும்" என்று ஒட்டிவிடுங்கள்.

"அதுதான் ஒன்லைனில் இருக்கே" என்பவருக்கு

இந்த வாதத்தை ஏற்றுக்கொள்ளுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். முழுவதும் இருக்கிறதா, இல்லை கடைசிச் சில வருடம் மட்டுமா? இலவசமா, சந்தாவா? சந்தா என்றால் அடுத்த வருடமும் கட்டுவோமா? 2022இல் டொலர் இல்லாமல் நாடு திண்டாடியதும், மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்ததும் மறந்திருக்காது. கரண்ட் இல்லாத நாளில் அகராதி அச்சில் இருந்தால்தான் அகராதி.

மறுபக்கம், நிலையாகவும் இலவசமாகவும் இருப்பவை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் அகராதித் தளத்தில் முழுதாகத் தேடலாம். மேலே சொன்ன கலைக்களஞ்சியம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் இருக்கிறது. இலங்கைத் தமிழ் நூல்களுக்கு 2005 முதல் இயங்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. உங்களிடம் உள்ள உள்ளூர் வெளியீடு அதில் இல்லையென்றால் கழிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், முதலில் ஸ்கேன் செய்யக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். மத்திய வங்கி ஆண்டறிக்கைகள் வங்கியின் தளத்தில் இருப்பதால் அச்சுப் பிரதிகளை உசாத்துணையிலிருந்து களஞ்சியத்துக்கு மாற்றலாம். 2023ஆம் ஆண்டிலிருந்து அந்த ஆண்டறிக்கைக்குப் பதிலாக ஆண்டுப் பொருளாதார மீளாய்வு வருகிறது, பட்டியலில் தொடர்பைக் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாணவர் "2022க்குப் பிறகு அறிக்கை வரவில்லையா?" என்று வந்து நிற்பார்.

துண்டு வைத்தல்

வேலை ஒரு நேரத்தில் இரண்டு மூன்று இறாக்கைக்கு மேல் வேண்டாம். முழுப் பகுதியையும் ஒன்றாகக் கலைத்தால் வாசகரும் தடுமாறுவார், நீங்களும் களைத்துவிடுவீர்கள். நூலை வெளியே எடுக்காமல், நிற்கும் இடத்திலேயே நிறத் துண்டு வையுங்கள். வெள்ளை என்றால் இருக்கட்டும், பச்சை இரவல் பகுதிக்கு, மஞ்சள் களஞ்சியம் அல்லது இலங்கைச் சேகரிப்புக்கு, சிவப்பு கழிக்க. பச்சையையும் மஞ்சளையும் தாராளமாகப் பாவியுங்கள். உசாத்துணைப் பகுதியிலிருந்து விலக்குவதும் நூலகத்திலிருந்தே விலக்குவதும் ஒன்றல்ல. இப்படிச் செய்கிற நூலகத்தில் பெரும்பாலான இடப்பிரச்சினை இந்த இரண்டு நிறத்தாலேயே தீர்ந்துவிடும். துண்டில் காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள்: "புதுப்பதிப்பு உண்டு", "பூஞ்சணம்", "இரட்டைப் பிரதி". "பழசு" என்று மட்டும் எழுதினால் அது காரணமாகாது.

சிவப்பு வைக்குமுன் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அன்பளிப்பு முத்திரை, கையெழுத்து, யாராவது ஓரத்தில் எழுதிய குறிப்பு இருந்தால் நிறுத்தி நூலகரிடம் காட்டுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் இறந்தபின் குடும்பம் கொண்டுவந்து கொடுத்த சேகரிப்பு இருந்தால், அதில் பொதுவான நூலைக் கழித்தாலும் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். பழம்புத்தகக் கடையில் அவர்கள் கண்ணில் அது பட்டால் அந்த மனத்தாங்கல் தீராது, இனி அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நூலும் வராது.

பிறகு சிவப்புத் துண்டு வைத்தவற்றின் பட்டியலைப் பீடங்களுக்கு அனுப்பி மூன்று கிழமை அவகாசம் கொடுங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வராது, அதை எதிர்பார்த்தே இருங்கள். நூல்களை ஒரு மேசையில் அடுக்கி, தேநீர் இடைவேளையில் விரிவுரையாளர்களை வந்து பார்க்கச் சொன்னால் வருவார்கள்.

"தம்பி, இது நான் படிச்ச காலத்துப் புத்தகம். இதைப் போய்க் கழிக்கப் போறீங்களா?"

"சேர், இதின்ட புதுப்பதிப்பு மேல இருக்கு. இது உங்கட மாணவருக்கு வேணுமெண்டா இரவல் பக்கம் மாத்தி விடுறன்."

"வேணாம் வேணாம், சும்மா கேட்டன்."

இப்படித்தான் பாதி முடியும். உண்மையாகவே வேண்டும் என்று காரணத்தோடு சொல்கிறவர் இருந்தால் மறுபேச்சில்லாமல் பச்சைத் துண்டு. ஒரு நூலுக்காக ஒரு பேராசிரியரோடு சண்டை பிடிப்பது வீண். அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

பதிவுகள்

நூலகக் குழுவின் முடிவு எழுத்தில் வந்த பிறகு பதிவேட்டை எடுங்கள். ஒவ்வொரு பதிவிலக்கத்துக்கும் நேரே சிவப்பு மையால் "கழிக்கப்பட்டது", திகதி, குழுத் தீர்மான இலக்கம், உங்கள் சுருக்கொப்பம். அந்த இலக்கத்தை இனி வேறெந்த நூலுக்கும் கொடுக்கக்கூடாது. கோஹாவில் பிரதியின் நிலையை விலக்கப்பட்டதாக மாற்றுங்கள். உடனே அழித்துவிடாதீர்கள், கணக்கெடுப்பும் கணக்காய்வும் முடியும்வரை பதிவு உள்ளே இருக்கட்டும், வாசகர் பக்கத்தில் தெரியாமல் மறைத்தால் போதும். பச்சையும் மஞ்சளும் வைத்தவற்றுக்கு இடக்குறியையும் முதுகுச் சீட்டையும் மாற்ற மறந்தால், நூல் நூலகத்திலேயே இருந்தும் தொலைந்ததாகிவிடும். என் பார்வையில் அப்படித் தொலைவது கழிப்பதைவிட மோசம்.

தலைப்புப் பக்கத்திலும் நூலின் வெட்டு ஓரத்திலும் "கழிக்கப்பட்டது" முத்திரை. பார்கோடின் மேல் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு. இதைச் செய்யாவிட்டால், வழியில் கண்டெடுத்த நல்ல மனிதர் ஒருவர் "உங்கட லைப்ரரிப் புத்தகம்" என்று பஸ் பிடித்துக் கொண்டுவந்து தருவார்.

எங்கே அனுப்புவது

கழித்தது எல்லாம் குப்பை அல்ல. வந்தாறுமூலையில் யாரும் தொடாத இசை, நாட்டிய அகராதி கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கேட்கப்படலாம். ஒலுவிலில் மிகையான பௌதிகக் கையேட்டுக்குச் சம்மாந்துறைப் பிரயோக விஞ்ஞான பீடத்தில் இடமிருக்கலாம். கல்வியியற் கல்லூரிகளுக்கும் பட்டியல் அனுப்புங்கள், அவர்களே தெரிவு செய்யட்டும். பட்டியல் இல்லாமல் பெட்டியாக அனுப்புவது உதவி அல்ல, உங்கள் இடப்பிரச்சினையை அவர்கள் தலையில் கட்டுவதுதான்.

கிராமத்துப் பாடசாலைக்கும் வாசிகசாலைக்கும் கொடுக்கும் ஆசை பலருக்கு வரும். சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் வெளிநாடுகளிலிருந்து கொள்கலன் கொள்கலனாக வந்த பழம்புத்தகங்கள் எங்கள் பாடசாலை அலுமாரிகளை எப்படி அடைத்துக்கொண்டு கிடந்தன என்பதைப் பார்த்தவர்கள் அதைச் செய்யமாட்டார்கள். உங்கள் மாணவருக்குப் பிழையான மருந்து நூல் ஊர்ப் பிள்ளைக்குச் சரியாகாது. படவிளக்கம் நிறைந்த கலைக்களஞ்சியம், நல்ல நிலையில் உள்ள அகராதி, இவற்றைக் கேட்டால் கொடுக்கலாம். அதுவும் நிதிப் பிரிவின் அனுமதியோடு, கையொப்பம் வாங்கிக்கொண்டு.

மீதி பழங்கடதாசிக்குப் போகும். பழங்கடதாசி என்றதும் எங்கள் பக்கம் வாழைச்சேனைக் கடதாசி ஆலையின் பேச்சு வரும். யார் வாங்கினாலும் கேள்விமனு, நிறை, பற்றுச்சீட்டு என்று ஒழுங்கு இருக்கவேண்டும். கெட்டியான மட்டையையும் பிசின் ஒட்டிய முதுகையும் கழற்றிக் கொடுத்தால் நல்ல விலை. பூஞ்சணப் பைகளைத் தனியாக ஒப்படையுங்கள். லொறியில் ஏற்றும் நேரத்தை மாணவர் கூடும் மதிய வேளைக்கு வைக்காதீர்கள். ஒளிப்பதற்காகச் சொல்லவில்லை. யாராவது கைபேசியில் படம் பிடித்துப் போட்டால், பிறகு ஒரு மாதம் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். கேட்கிறவருக்குக் காட்டப் பட்டியலின் பிரதி ஒன்றைக் கருமபீடத்தில் வைத்திருங்கள்.

இறாக்கைகளைத் திருப்பி அடுக்கும்போது ஒவ்வொன்றிலும் கால்வாசி இடம் வெறுமையாக இருக்கட்டும். அடித்தட்டில் ஒன்றும் வைக்காமல் விட்டால் இன்னும் நல்லது. மாரிவெள்ளம் உள்ளே வரக்கூடிய கட்டடமென்றால் அது கட்டாயம். களஞ்சியத்துக்குப் போன மஞ்சள் துண்டு நூல்களும் நிலத்தில் பெட்டியாகக் கிடக்கக்கூடாது, அவைதான் திரும்பக் கிடைக்காதவை.

கழித்த மாதமே யாராவது வந்து அதில் ஒன்றைக் கேட்பார். பட்டியலைப் பார்த்து அது எங்கே போனது என்று சொல்லுங்கள். எங்கும் இல்லையென்றால் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் தேசிய நூலகத்துக்கும் எழுதிக் கேட்கலாம். இலங்கையில் அச்சான நூல் சட்டப்படி பேராதனைக்குப் போவதால் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். கேட்டவரின் துறையையும் நூலையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். அடுத்த சுற்றுக்குத் துண்டு வெட்டுமுன் அந்தக் கொப்பியை வாசித்து, ஒரே வகை நூலைப் பலர் கேட்டிருந்தால் அந்த வகையின் அளவுகோலை மாற்றுங்கள். அடுத்த சுற்று டூயி வகுப்பிலக்கத்தில் 300களில், அதாவது சமூக விஞ்ஞானத்தில், என்றால் இரண்டு மடங்கு நாள் ஒதுக்குங்கள். புள்ளிவிபரமும் சட்டமும் அங்கேதான் இருக்கின்றன.